இருபத்தாறு மணி நேரம்

“ஃபார்மட் ஆக மாட்டேங்கு,” என்றார் தாணுலிங்கம்.

பேராச்சி நிமிரவில்லை. உள்ளங்கையில் இருந்த பொரிகடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மூணாவது டிஸ்க்கும்மா இது. மொத ரெண்டையும் கடையில திருப்பிக் குடுத்து மாத்தியாச்சு. இப்ப கடைக்காரன் என் தலையைக் கண்டாலே ஷட்டரை இறக்குதான்.”

“பொரிகடலை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

“உள்ள இறங்காதும்மா.”

“அப்ப இருக்கட்டும்.”

மீதியையும் அவளே தின்று முடித்தாள்.

பாளையங்கோட்டையில், நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில், ஒரு தையல்கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. செத்துப்போன டிஸ்க்குகளிலிருந்து படத்தையும் கணக்கையும் கல்யாண வீடியோவையும் வெளியே எடுத்துத் தருகிறவள் என்று பேராச்சிக்குப் பெயர். வயசு முப்பத்திரண்டு. எந்தக் கல்லூரியும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. திறந்து பார்த்துப் பார்த்தே படித்தவள்.

தாணுலிங்கத்துக்கு ஐம்பத்து நாலு. கடைத் திறப்பு, ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம் என்று ஆட்டோவில் கட்டிய குழாயில் ஊர் முழுக்கக் கேட்கிற விளம்பரங்களைப் பதிவு செய்து கொடுப்பவர். ஆறு வருசத்துக்கு முன்னால் கெட்டுப்போன ஒரு டிஸ்க்கோடு இந்த மாடிப்படி ஏறினார். வேலை முடிந்தது. அவர் வருவது முடியவில்லை. அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பார், கேள்வி கேட்பார், வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதி வைப்பார்.

“குரு மேலதான் இருக்காவ. சீடப்பிள்ளை ஏறிப் போகலாம்,” என்று கீழே தையல்காரர் கேலி பேசுவார்.

தாணுலிங்கம் அதை ஒருநாளும் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

மேசைமேல் இப்போது அவர் வைத்திருந்த டிஸ்க் புத்தம் புதுசு. பதினாறு டெராபைட். ஆயுசுக்கும் போதும் என்று வாங்கியது. அதில் எதையாவது எழுத வேண்டுமானால் முதலில் அதை ஓரத்திலிருந்து மையம் வரை இடம் விடாமல் தொட்டுப் பார்த்துத் தயார் செய்ய வேண்டும். அதுதான் ஃபார்மட். அது முடிந்தால்தான் பழைய டிஸ்க்கில் இருப்பதை இதற்கு மாற்றலாம்.

பழைய டிஸ்க்கில் உலகம்மாளின் குரல் இருந்தது.

உலகம்மாள் அவருடைய மனைவி. சத்துணவு அமைப்பாளர். சமையலறையிலிருந்து அவள் ஒரு பெயரைக் கூப்பிட்டால், பள்ளிக்கூட வாசலில் ஐஸ் வாங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குக் கேட்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால், தொண்டையில் கட்டி என்று சொல்லி அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

எடுப்பதற்கு முன்னால் பதினொரு சாயங்காலம் அவளைத் தன் ஒலிப்பதிவு அறையில் மைக்குக்கு முன்னால் வைத்து, “என்னத்தையாவது பேசு,” என்றார். அவள் பேசினாள். பதினொரு நாள், பதினொரு பதிவு. எல்லாம் சேர்ந்து முப்பது மணி நேரம்.

வேறு எங்கேயும் நகல் இல்லை.

அந்தப் பழைய டிஸ்க் மூன்று வாரமாக டிக் டிக் என்று சத்தம் போடுகிறது.

*

பேராச்சி புது டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்தாள். நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் முனையை டிஸ்க்கின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

தாணுலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

“நல்லாத்தான் சுத்துது. இதுக்கு ஒரு கேடும் இல்ல.”

“இருக்கும்மா. ஒயரை மாத்திட்டேன். அடாப்டரை மாத்திட்டேன். தம்பி வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். பாதிக்கு மேல போயி நிக்கி. ஒருநாள் எம்பது சதம் வரைக்கும் போச்சு, கேட்டுக்க. அப்புறம் தொறந்து பாத்தா, ‘இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யலாமா’ன்னு என்கிட்டயே கேக்கு. நான் என்னத்தச் சொல்ல அதுகிட்ட?”

“என்னைக்கு எத்தனை மணிக்கு நின்னுதுன்னு எழுதி வச்சிருப்பீங்களே?”

“எழுதாம இருப்பனா?”

நோட்டை நீட்டினார். நாள், தொடங்கிய நேரம், நின்ற நேரம், எத்தனை சதம் என்று கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதியிருந்தார்.

பேராச்சி ஒரு பக்கத்தை வாசித்தாள். அடுத்த பக்கத்தையும் வாசித்தாள். எழுந்து, ஆணியில் தொங்கிய தினசரிக் காலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். நோட்டை அதற்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“செவ்வாய்க்கிழமை காலையில ஒம்பது மணிக்கு நின்னுருக்கு.”

“ஆமா.”

“செவ்வாய்க்கிழமை எமகண்டம் ஒம்பது மணிக்கு.”

தாணுலிங்கம் சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.

“வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நின்னுருக்கு. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. புதன்கிழமை ஏழரை. அதுவும் எமகண்டம்.”

தாணுலிங்கம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணாச்சி.”

“சொல்லும்மா.”

“ஒயரைப் பிடுங்குனீங்களா?”

“சேச்சே! நீ சொல்லித் தந்ததை மறப்பனா? முறையா ‘கேன்சல்’ குடுத்துத்தான் நிறுத்தினேன்.”

பேராச்சி சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது. திரும்பி நின்று, காலண்டரை ஆணியில் நேராக்குவதுபோல் கொஞ்ச நேரம் ஆக்கினாள்.

“நல்ல நேரம் பாத்துத்தாம்மா ஆரம்பிக்கேன்,” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “அது பாட்டுக்குப் போயிட்டிருக்கும். நான் பக்கத்துலயே இருப்பேன். திடீர்னு பாத்தா கெட்ட நேரம் பொறக்கப் போவுது. அவ குரல் குடியிருக்கப் போற இடம்லா? அதுல ஒரு பொட்டு இடம்கூட ராகு காலத்துல தயாராயிருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“இதெல்லாம் பாக்குத ஆளா நீங்க? போன வருசம் கடைப் பூசைக்கு நான் நேரம் பாத்தேன்னு ஒரு வாரம் என்னைக் கிண்டல் பண்ணுனீங்க.”

“அது போன வருசம்.”

“இந்த வருசம் என்ன?”

“ஆபரேசன் புதன்கிழமை. பன்னெண்டு மணிக்கு உள்ள கொண்டு போனாங்க. சரியான ராகு காலம். ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்கய்யான்னு கும்பிட்டுக் கேட்டேன். டாக்டர் கேக்கல.”

“ஆபரேசன் எப்படி முடிஞ்சுது?”

“நல்லபடியா முடிஞ்சுது.”

சொன்ன பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். தான் சொன்னது வேறு யாரோ சொன்னதுபோல் காதில் விழுந்தது.



*

பேராச்சி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“இந்த டிஸ்க் முழுசா ஃபார்மட் ஆகணும்னா இருபத்தாறு மணி நேரம் விடாம ஓடணும். ராகு காலமும் எமகண்டமும் இல்லாத இருபத்தாறு மணி நேரம் இதுல எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. அந்த நேரத்துலயே ஆரம்பிப்போம். நான் மாட்டேன்னு சொல்லல.”

அவர் முகத்தில் தெம்பு வந்தது. அப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் அவருக்குப் போதும். முக்காலியை இழுத்துப் போட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார்.

இரண்டு வக்கீல் குமாஸ்தாக்கள் வந்து போனார்கள். ஒரு போட்டோக்காரர் வந்து அழாத குறையாகப் பேசிவிட்டுப் போனார். தாணுலிங்கம் காலண்டரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஏழு தாளைப் புரட்டினால் போதும், எட்டாவது தாளில் மறுபடி அதே நேரங்கள்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மாசக் கடைசி வரை புரட்டினார்.

“இருபத்தொண்ணுதான் வருது,” என்றார் கடைசியில். “திங்கக்கிழமை பன்னெண்டுலருந்து செவ்வாய்க்கிழமை ஒம்பது வரைக்கும். சனிக்கிழமை மூணுலருந்து எண்ணினாலும் அதே இருபத்தொண்ணு. அதுக்கு மேல இல்ல.”

“அடுத்த மாசம் பாத்தீங்களா?”

“அடுத்த மாசமும் அப்படித்தாம்மா இருக்கும்.”

“அப்ப?”

அவர் பென்சிலால் காதோரம் சொறிந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“நாலு பங்காப் பிரிச்சா? நாலு நாலு டெராபைட்டா! பங்குக்கு ஆறரை மணி நேரம். ஒவ்வொரு பங்கையும் ஒவ்வொரு நாளு, நல்ல நேரத்துக்குள்ளயே முடிச்சிரலாம். எப்படி?”

“நல்ல யோசனை.”

“ஆகும்ல?”

“கண்டிப்பா ஆகும். இவ்வளவு யோசிக்குத ஆளுக்கு மூணு வாரமா இது ஏன் தோணல?”

அவர் நோட்டை மூடினார்.

“மதினி குரல் மட்டும் எவ்வளவு இடம் பிடிக்கும் அண்ணாச்சி?”

“பதினஞ்சு ஜி.பி. வரும்.”

பேராச்சி மேசை இழுப்பறையைத் திறந்து, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பென்டிரைவ் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதுல அதைப்போல ரெண்டு மடங்கு கொள்ளும். ஃபார்மட்டும் ஆயாச்சு.”

“பென்டிரைவா?” பல்லியைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். “தொலைஞ்சிட்டா? சட்டைப் பையில கெடந்து வாளித் தண்ணியில முங்கிட்டா?”

“ரெண்டு பென்டிரைவ்ல போடலாம்.”

“ரெண்டும் தொலைஞ்சிட்டா?”

“ஃபோன்ல போட்டுக்கிடுங்க.”

“ஃபோன் கீழ விழும்.”

“இன்டர்நெட்ல ஏத்திரலாம்.”

“எம்பொண்டாட்டி குரலைக் கண்டவன் வீட்டுக் கம்ப்யூட்டர்லயா?”

பேராச்சி பென்டிரைவை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினாள். அவரைப் பார்த்தாள். வந்த டிஸ்க்குகளைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

“புது டிஸ்க்கை இங்கயே விட்டுட்டுப் போங்க. பங்கெல்லாம் பிரிக்க வேண்டாம். இப்பவே போட்டு விடுதேன். நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு முடியும்.”

“நாளைக்குப் புதன்கிழமைம்மா. ஒரு மணின்னா…”

“தெரியும்.”

அவர் கண் முன்னாலேயே அவள் பொத்தானை அமுக்கினாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது.

*

தாணுலிங்கம் மூன்று படி இறங்கினார். திரும்பி ஏறினார்.

“யு.பி.எஸ். நல்ல நிலைமையில இருக்குல்லா?”

“இருக்கு.”

ஐந்து படி இறங்கினார். ஏறினார்.

“திரை இருட்டாயிட்டுன்னா நின்னு போச்சுன்னு நெனச்சிராத. மவுஸை லேசா அசைச்சா…”

“அண்ணாச்சி, எனக்கா சொல்லித் தாறீங்க?”

“இல்லம்மா. இல்ல.” தலையைச் சொறிந்தார். “பல்லி கில்லி உள்ள போயிராதே?”

“பல்லிக்கு அதுல என்ன சோலி? போயிட்டு வாங்க. நடுவுல ஃபோன் பண்ணக் கூடாது.”

கீழே தையல்காரர் நிமிர்ந்து பார்த்து, “என்ன, குரு உபதேசம் பலமோ?” என்றார். தாணுலிங்கத்துக்கு அது காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று வாரமாக அந்தக் கைக்கு ஒரு வேலை இருந்தது. ஒயரைச் சொருகுவது, சதத்தைப் பார்ப்பது, எழுதுவது, நிறுத்துவது. இப்போது ஒன்றும் இல்லை. சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உலகம்மாள் கோடு போட்ட நோட்டில் ஏதோ எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டார். வாசித்தாரா என்று அவருக்கே நிச்சயமில்லை.

இரண்டு மணிக்கு பேராச்சிக்கு ஃபோன் போட்டார். எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்கியது. மூன்று ஐந்துக்குப் போட்டார். மூன்று பத்துக்குப் போட்டார். நாலரை ஆகிற வரை வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். எத்தனை சதம் போயிருக்கும் என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். இருபது வந்தது. பதினாறாகவும் இருக்கலாம். சுழியமாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் வழக்கம்போல் ஒலிப்பதிவு அறைக்குள் போனார். பழைய டிஸ்க்கைத் திறந்து, காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

தினமும் இரண்டு வேளை அவர் செய்கிற காரியம் இது. முதல் நாள் பதிவைத் திறப்பார். ஒரு நிமிடம் ஓட விடுவார். “பேசலாமா? சொல்லுங்க… சிவப்பு வெளக்கு எரியுது, பேசலாமா?” என்று உலகம்மாள் கேட்பாள். இருக்கிறது என்று தெரிந்ததும் மூடிவிடுவார். இரண்டாம் நாள், ஒரு நிமிடம். மூன்றாம் நாள், ஒரு நிமிடம். இப்படிப் பதினொன்று. ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் டிஸ்க் டிக் என்கும்.

பதினொன்றும் இருந்தன.

அவருக்குப் பின்னால், கதவோரம் நின்று உலகம்மாள் கையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஹெட்ஃபோனுக்குள் அது கேட்கவில்லை. தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

*

புதன்கிழமை மத்தியானம் ஒன்று பத்துக்கு அவர் மாடி ஏறினார்.

“முடிஞ்சிட்டு,” என்றாள் பேராச்சி. “சொன்ன மாதிரி ஒரு மணிக்கு. ஒரு பொட்டு இடம்கூடப் பழுதில்ல.”

திரையில் பச்சைக் கோடு கடைசி வரை போய் நின்றிருந்தது. மூன்று வாரமாக அவர் பார்க்க ஏங்கிய கோடு.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடி பார்த்தார்.

“சரியா முடிஞ்சிருக்கா?”

“முடிஞ்சிருக்கு.”

“எதுக்கும் இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துரலாமா? இன்னொரு இருபத்தாறு மணி நேரந்தானே? நீ சொன்னா நான் ஃபோன்கூடப் பண்ண மாட்டேன்.”

“வேண்டாம்.”

“அடாப்டர் சுடுதே.”

“ஒருநாள் முழுக்க ஓடியிருக்கு. சுடத்தான் செய்யும்.”

“ராகு காலத்துல முடிஞ்சிருக்கேம்மா.”

“ஆமா,” என்று கையை நீட்டினாள். “பழைய டிஸ்க்கைக் குடுங்க.”

தாணுலிங்கம் பையைத் திறந்தார். நோட்டை எடுத்து வைத்தார். மூன்று ஒயர்களை எடுத்து வைத்தார். இன்னொரு அடாப்டரையும் வாரண்டி அட்டையையும் எடுத்து வைத்தார். புது டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியையும், அதற்குள் இருந்த குமிழ் உறையையும்கூட எடுத்து வைத்தார். பையைக் கவிழ்த்து உதறினார்.

“கொண்டு வரல போல,” என்றார். “மறந்துட்டேன்.”

“நேத்தும் கொண்டு வரல.”

“நேத்து நான் ஃபார்மட்டுக்குத்தானே வந்தேன்?”

“டிக் டிக்னு சத்தம் போடுதது எது அண்ணாச்சி? புதுசா, பழசா?”

அவர் ஒரு ஒயரை எடுத்தார். திரும்ப வைத்தார்.

மேசைமேல் பரப்பி வைத்திருந்த ஒயர்களைப் பார்த்தார். எல்லாம் நல்ல டிஸ்க்குக்கு உண்டானவை. மூன்று வாரமாக அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்திருக்கிறார். புது டிஸ்க் தயாராகாத வரைக்கும் பழையதை முழுசாகத் திறக்க வேண்டியதில்லை. முழுசாகத் திறக்காத வரைக்கும் அது போய்விட்டதா இருக்கிறதா என்று யாரும் சொல்லிவிட முடியாது.

“எனக்குப் பயமா இருக்கும்மா,” என்றார். ஆறு வருசமாக அவளிடம் கேள்வி கேட்டே பழகியவர், இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

உலகம்மாள் ஏறி வந்தாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி. ஏறிய மூச்சு அந்தத் துணிக்குப் பின்னால் இருந்த துளை வழியாக வந்து போயிற்று. கையில் கூடை.

“காலையில நான்தான் மதினிக்கு மெசேஜ் போட்டேன்,” என்றாள் பேராச்சி.

உலகம்மாள் கூடைக்குள் கையை விட்டு, பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். துணியைப் பிரித்தாள். பழைய டிஸ்க்.

“மதினி, ராகு காலம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. காத்திருக்கணுமா?”

உலகம்மாள் கணவரைப் பார்த்தாள். டிஸ்க்கை ஒரு விரலால் பேராச்சி பக்கம் தள்ளினாள்.

*

“இதுல மீதி உயிரு எவ்வளவுன்னு தெரியாது,” என்றாள் பேராச்சி. “ஒரே தடவைதான். கேட்டுப் பாக்கக் கூடாது, நகல் மட்டும் எடுக்கணும். எந்த நாளை மொதல்ல எடுக்க? முக்கியமானதைச் சொல்லுங்க அண்ணாச்சி.”

தாணுலிங்கம் யோசித்தார்.

“ஒம்பதாம் நாளு மதினி என்ன பேசுனாங்க?”

“சத்தம் நல்லா விழுந்திருக்கும்மா. ஒரு இடத்துலகூட உடையல.”

“நான் அதைக் கேக்கல.”

“மூச்சுக் காத்து படாம மைக்கை ஒரு சாண் தள்ளி வச்சிருந்தேன்.”

“சரி. நாலாம் நாளு?”

அவர் கண்ணை மூடிப் பார்த்தார். அளவு காட்டுகிற முள் தெரிந்தது. ஏறி, இறங்கி, சிவப்பைத் தொடாமல் திரும்பியது. சிவப்பு விளக்கு தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலகம்மாளின் உதடு அசைந்தது. பதினொரு சாயங்காலமும் அசைந்தது. ஒரு சொல்கூட அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

உலகம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுலருந்து வரிசையாப் போவோம்,” என்றாள் பேராச்சி.

முதல் நாள் நாலு நிமிடத்தில் வந்து சேர்ந்தது. டிக். இரண்டாம் நாள் ஆறு நிமிடம். டிக், டிக். பேராச்சி திருப்புளியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. தாணுலிங்கம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உலகம்மாள் கூடையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் பார்க்கவில்லை. மூடி வைத்தாள்.

ஐந்து. ஆறு. ஏழாம் நாள் இருபது நிமிடம் இழுத்தது. நடுவில் ஒருமுறை கோடு அசையாமல் நின்று, பிறகு அதுவாகவே நகர்ந்தது. எட்டு. ஒன்பது.

பத்து வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

பதினோராம் நாள் பதிவு ஆபரேசனுக்கு முந்தின நாள் எடுத்தது. கோடு ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. டிக். டிக். டிக். அப்புறம் சுற்றுகிற சத்தம் மெலிந்து மெலிந்து இறங்கி, இல்லாமல் போனது.

பேராச்சி திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா.”

போட்டுப் பார்த்தாள். சுற்றவில்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

“போதும் அண்ணாச்சி.” ஒயரைப் பிடுங்கினாள். டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னாள். “பத்து வந்துட்டு. பதினொண்ணு வரல.”

கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

தாணுலிங்கம் திரையைப் பார்த்தார். பேராச்சியைப் பார்த்தார். அவள் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று அவருக்கு மெல்லத் தெரிந்தது.

திரும்பினார்.

ஐந்து மாதமாக அவர் உலகம்மாளிடம் தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டுமே கேட்டிருக்கிறார். சாப்பிட்டியா. மருந்து போட்டியா. வலிக்கா.

“உலகு,” என்றார். “பதினோராம் நாளு நீ என்ன சொன்ன?”

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். கூடையிலிருந்து நோட்டை எடுத்தாள். எழுதிய பக்கங்களைத் தாண்டித் தாண்டி, வெறும் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். ஒரு வரி எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

‘உக்காருங்க. நேரமாகும்.’